காற்றில்லா வெளியில் ராக்கெட்டு எதனை உந்துகின்றது?
தும்பா வரலாற்றை ஒட்டி ஒரு திருத்தம்

திருவனந்தபுரத்தில் வந்து குடியேறி வாழும் நம்மவர்க்குத் தும்பா என்னும் பெயர் புதிதன்று. கழக்கூட்டம் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே கடலை நோக்கிச் சென்றால் சிறிது தொலைவிலேயே அவ்விடம் வந்துவிடும். நம் காலனியிலும் அங்குப் பல்லாண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றோர் இருக்கின்றனர். ஆயினும் அங்கிருந்து மேலெழும் ராக்கெட்டு எவ்வாறு எழுகின்றது என்று வினவினால், அத்துறையில் பணிபுரிந்தவர் நீங்கலாக நம்மில் பெரும்பாலோர் கூறும் விடை தவறானது. யாமும் அத்தவறான விடையையே நெடுங்காலம் நம்பியிருந்தோம். நம்பியதோடு நில்லாமல் பிறர்க்கும் கற்பித்துவிட்டோம் என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கம் நடத்திய மாணவர் வகுப்பில் ஒரு நாள் மாலை ராக்கெட்டைப் பற்றிப் பேசினோம். ராக்கெட்டின் பின்புறத்திலிருந்து பீறிட்டு வரும் வாயு கீழேயுள்ள காற்றின்மீது மோதித் தள்ளுகின்றது, அதனால் ராக்கெட்டு மேலே செல்கின்றது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினோம். எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி எழுந்து, “மாமா, சந்திரனில் காற்றே கிடையாதே! அப்படியென்றால் நம் சந்திரயான் எதைத் தள்ளிக்கொண்டு மெல்ல இறங்கிற்று?” என்று கேட்டாள். அடுத்த வகுப்பில் கூறுகிறோம் என்று சொல்லி நழுவினோம். விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டமையால் அடுத்த வகுப்பு நடைபெறவே இல்லை. அன்று கூறாத விடையை இம்மலரிலேனும் கூறிவிட வேண்டும் என்று எண்ணி, கிடைத்த நூல்களைப் படித்தும், அறிந்தவரிடம் கேட்டும் இதனை எழுதலாயினோம். எம்முடைய படிப்போ மெட்ரிகுலேஷன் அளவினது. ஆகவே கணக்கு மிகாதவாறே எழுதுகின்றோம்.

தவறு எங்கே தோன்றுகின்றது என்று எண்ணிப் பார்த்தால், அது நம் தொழிலிலேயே வேரூன்றியிருப்பது புலனாகும். ரயில் எஞ்சின் ஓடுவதற்குத் தண்டவாளம் வேண்டும். சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிப் பின்னே தள்ளினால்தான் வண்டி முன்னே நகரும். மழைநாளில் தண்டவாளம் வழுக்கினால் சக்கரத்தின் முன்னே மணல் தூவிப் பிடிப்பை உண்டாக்குவது ரயில்வேயில் அனைவரும் அறிந்த செய்தி. தும்பாக் கடற்கரையில் கட்டுமரம் செலுத்துவோனும் துடுப்பினால் நீரைப் பின்னே தள்ளுகின்றான். ஆகாய விமானமும் காற்றைப் பின்னே தள்ளியே முன்னேறுகின்றது. இவ்வாறு நாம் காணும் ஊர்திகள் யாவும் தமக்குப் புறத்தேயுள்ள ஒன்றைத் தள்ளியே செல்வதால், ராக்கெட்டும் அப்படித்தான் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகின்றது.

இத்தவற்றில் நாம் தனித்து விடப்படவில்லை. உலகப் புகழ் பெற்ற பத்திரிகை ஒன்றும் நம்மோடு சேர்ந்து நிற்கின்றது. அமெரிக்க நாட்டில் ராபர்ட் கொடார்டு என்ற பௌதிகப் பேராசிரியர், மிக உயர்ந்த ஆகாயத்தை எட்டுவதற்கான வழியைப் பற்றி 1919-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். ராக்கெட்டினால் சந்திரன் வரையிலுங்கூடச் செல்லக்கூடும் என்பது அதில் ஓரிடத்தில் கூறப்பட்டிருந்தது. 1920 ஜனவரி 13-ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் தலையங்கப் பக்கத்தில் அவரை எள்ளி நகையாடியது. காற்று மண்டலத்தைக் கடந்தபின் ராக்கெட்டு உதைத்துச் செல்வதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதை இப்பேராசிரியர் அறியவில்லை என்றும், உயர்நிலைப் பள்ளியில் அன்றாடம் கற்பிக்கும் பாடங்கூட இவருக்குத் தெரியவில்லை என்றும் எழுதிற்று. உண்மையில் பள்ளிப்பாடம் தெரியாதிருந்தவர் எழுதியவர்தாம்.

கொடார்டு வீண் வாதத்தில் இறங்கவில்லை. அவர் முன்னரே கிளார்க் பல்கலைக்கழகத்தில் காற்று அகற்றிய கலத்திற்குள் சிறு ராக்கெட்டு அறைகளை வெடிக்கச் செய்து அளந்து பார்த்திருந்தார். காற்று இல்லாதபோது உந்துதல் குறையவில்லை. சற்று மிகுதியாகவே இருந்தது. ஐயுற்றோர்க்கு விளங்கும் பொருட்டு, குண்டில்லாத வெற்றுத் தோட்டா இட்ட கைத்துப்பாக்கியைச் சுழலும் அச்சில் பொருத்திக் கண்ணாடிக் கவிகைக்குள் வைத்து, காற்றை வெளியேற்றிவிட்டுச் சுட்டுக் காட்டினார். துப்பாக்கி பின்னோக்கிச் சுழன்றது. 1926 மார்ச் 16-ஆம் நாள் மாஸாசூஸெட்ஸ் மாநிலத்து ஆபர்ன் என்ற ஊரில், உலகிலேயே முதன்முதலாகத் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவினார். அது பறந்தது இரண்டரை நொடி. எட்டிய உயரம் 41 அடி. 1945-இல் அவர் காலமானார். அப்பத்திரிகை தன் பிழையைத் திருத்திக்கொண்டது 1969 ஜூலை 17-ஆம் நாள்; அதாவது, மூன்று மனிதரைச் சுமந்து அப்பல்லோ 11 சந்திரனை நோக்கிப் புறப்பட்ட மறுநாள். வெற்றிடத்திலும் ராக்கெட்டு இயங்கும் என்பது உறுதியாயிற்று, முன்பு எழுதியதற்கு வருந்துகிறோம் என்ற கருத்தில் சில வரிகள் வெளியாயின. திருத்தம் வருவதற்குள் நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. கேட்க வேண்டியவரோ இறந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி, உண்மை யாதெனப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டு. உராய்வு சிறிதுமற்ற தண்டவாளத்தில் ஒரு திறந்த சரக்கு வேகன் நிற்பதாகக் கொள்வோம். வேகனும் அதிலுள்ள மணல் மூட்டைகளும் சேர்ந்து 10 டன் எடை. எஞ்சின் இல்லை, தள்ளுவாரும் இல்லை. உள்ளே நிற்கும் ஒருவன் 10 கிலோ மூட்டை ஒன்றை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பின்பக்கமாக வீசி எறிகின்றான். மூட்டையை அவன் பின்னே தள்ளும்போது, மூட்டையும் அவனை முன்னே தள்ளுகின்றது. வேகன் நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் முன்னே நகரத் தொடங்கும். இது 1687-இல் ஐசக் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதி. வினை எவ்வளவோ எதிர்வினையும் அவ்வளவே. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எறிந்த மூட்டை பின்னர் எதன்மீது மோதினாலும் மோதாவிட்டாலும் வேகனுக்கு அதனால் யாதொரு வேறுபாடும் இல்லை. மூட்டை கையை விட்டகன்ற கணத்திலேயே உந்துதல் முடிந்துவிட்டது. பின்னால் காற்று இருக்கின்றதா, சுவர் இருக்கின்றதா, ஒன்றுமே இல்லையா என்ற வினாவிற்கே இடமில்லை.

இவ்வாறு இருநூறு மூட்டைகளை ஒவ்வொன்றாக எறிந்தால் வேகன் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் சற்று மிகுந்த வேகத்தை அடையும். முதல் மூட்டை தந்த வேகம் 5 மில்லிமீட்டர் என்றோம். கடைசி மூட்டை எறியப்படும்போது வேகனின் எடை 8 டன்னாகக் குறைந்திருக்குமாதலால், அம்மூட்டை தரும் வேகம் 6 மில்லிமீட்டருக்கும் மிகுதியாகும். பாரம் குறையக் குறைய ஒவ்வோர் எறிதலின் பயனும் கூடுகின்றது. இந்தக் கணக்கை முறைப்படி வகுத்து 1903-இல் வெளியிட்டவர் ருஷ்ய நாட்டுக் கலூகா நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கான்ஸ்டன்டின் சியால்கோவ்ஸ்கி. இளமையில் நோயினால் செவிப்புலன் பெரிதும் இழந்தவர், முறையான கல்லூரிப் படிப்பு இல்லாதவர். எம்போன்ற குறைந்த படிப்பினர்க்கு அவர் பெயரை எழுதும்போது ஒரு மகிழ்ச்சி உண்டாகின்றது.

ராக்கெட்டு எறிவது மணல் மூட்டையன்று, வாயு. வாயுவை எறியும் கை எங்கே என்று கேட்கலாம். நாற்புறமும் அடைபட்ட ஓர் இரும்புக் கலத்திற்குள் எரிபொருள் எரிந்து வாயு மிகுந்த அழுத்தத்தோடு நிறைந்திருப்பதாக எண்ணுங்கள். அது முன்சுவர், பின்சுவர், பக்கச் சுவர்கள் எல்லாவற்றையும் ஒரே அளவில் தள்ளுகின்றது. கலம் அசையாது. இப்பொழுது பின்சுவரில் ஒரு துளை இடுவோம். துளையுள்ள இடத்தில் தள்ளப்படுவதற்குச் சுவர் இல்லை. அதற்கு நேர் எதிரேயுள்ள முன்சுவரின் மீது விழும் தள்ளுதலை ஈடுசெய்ய ஒன்றுமில்லாமற் போகின்றது. ஆகவே கலம் முன்னோக்கிப் பாய்கின்றது. ராக்கெட்டைத் தள்ளுவது வெளிக்காற்றன்று, உள்ளேயிருக்கும் வாயுவே. குழந்தைகள் ஊதிய பலூனின் வாயை விட்டவுடன் அது அறை முழுவதும் ஓடுவதும் இதனாலேயே.

அங்ஙனமாயின் காற்றின்றி நெருப்பு எவ்வாறு எரியும் என்ற இரண்டாவது ஐயம் எழும். விளக்கைக் கவிழ்த்து மூடினால் அணைந்துவிடுவதை நாம் அறிவோம். இதற்கு விடை நம் தீபாவளி வாணத்திலேயே இருக்கின்றது. வாணத்தின் மருந்தில் கரியும் கந்தகமும் மட்டுமின்றி வெடியுப்பும் கலந்துள்ளது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அவ்வெடியுப்பே தருகின்றது. வெளியிலிருந்து வாங்க வேண்டுவதில்லை. பெரிய ராக்கெட்டுகளும் எரிபொருளோடு, எரிப்பதற்குரிய பொருளையும் தாமே சுமந்து செல்கின்றன. கட்டுச்சோற்றோடு தண்ணீர்க் கூஜாவும் எடுத்துக்கொண்டு வண்டியேறும் பழைய காலத்துப் பிரயாணியைப் போல என்று கொள்க.

வாணத்தைப் போர்க்கருவியாக வலிமைப்படுத்தியதில் நம் தென்னாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் வாண மருந்தைக் காகிதக் கூட்டிலன்றி இரும்புக் குழாயில் அடைத்தனர். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். அழுத்தம் மிகுந்தால் வாயு விரைந்து வெளியேறும். விரைந்து வெளியேறினால் உந்துதல் கூடும், வாணமும் நெடுந்தூரம் செல்லும். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை முறியடிக்கப்பட்டபோது, அப்படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததற்கு மைசூர் ராக்கெட்டுகளே காரணம் என்பர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றை ஒட்டியே வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1963-இல் பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற நம் ராமேசுவரத்து அப்துல் கலாம், வாலப்ஸ் தீவு ராக்கெட்டு நிலையத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டார். திப்புவின் படை ஆங்கிலேயரோடு ராக்கெட்டுகளைக் கொண்டு பொருவதை அது காட்டியது. தம் நாட்டில் மறக்கப்பட்ட செய்தி கடல்கடந்த நாட்டில் போற்றப்படுவதைக் கண்டு வியந்ததாக அவர் தம் சுயசரிதையில் குறித்துள்ளார்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். பூமியின் காந்த நடுக்கோடு இத்தென்கோடி வழியாகச் செல்கின்றது. அக்கோட்டிற்கு நேர்மேலே, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகின்றது. பலூன்கள் எட்டாத உயரம். செயற்கைக் கோள்கள் சுற்றுவதற்கோ தாழ்ந்த இடம். அங்கே சென்று அளந்துவர ராக்கெட்டு ஒன்றே வழி. 1962-இல் டாக்டர் விக்ரம் சாராபாயின் தலைமையில் அமைந்த விண்வெளி ஆராய்ச்சிக் குழு இடம் தேடியபோது, தும்பாவை அடுத்த கடற்கரை பொருத்தமெனக் கண்டது.

அவ்விடம் வெறும் மணல்மேடு அன்று. பள்ளித்துறை மீனவ மக்களின் குடில்களும், அவர்தம் புனித மரிய மகதலேனா தேவாலயமும், ஆயரின் இல்லமும் அங்கிருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரெய்ராவை சாராபாய் சென்று கண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆயர் தம் மக்களிடம் இதனை எடுத்துரைத்து, விஞ்ஞானப் பணிக்காக உங்கள் கோயிலையும் மனைகளையும் தரலாமா என்று கேட்டார் என்றும், கூடியிருந்தோர் ஒருமித்து ஆமென் என்றனர் என்றும் கலாம் எழுதியிருக்கின்றார். நிலம் கையகப்படுத்தும் பணியைக் கலெக்டராக இருந்த மாதவன் நாயர் விரைந்து முடித்தார். மக்கள் வேறிடத்தில் குடியேறினர். அவர்களுக்குப் புதுக்கோயிலும் எழுந்தது. கடலை நம்பி வாழ்பவனுக்குக் கரையில் தன் படகு ஏற்றும் இடம் எத்துணை முக்கியம் என்பதை அறிந்தவர்க்கே அந்த ஆமெனின் எடை தெரியும். ராக்கெட்டு வரலாறு எழுதுவோர் இதனை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றனர். ஒவ்வொரு குடும்பத்தின் கதையையும் கேட்டு எழுதுவாரிருந்தால் அது தனி நூலாகும்.

தேவாலயம் ராக்கெட்டை இணைக்கும் கூடமாயிற்று. ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. மாட்டுக் கொட்டில் ஒன்றும் ஆய்வுக்கூடமாகப் பயன்பட்டது. அங்குப் பணிபுரிய வந்த இளைஞர்களில் கலாம் ஒருவர்; ஆர். ஆராவமுதன் மற்றொருவர். நகரில் இந்திரா பவன் லாட்ஜில் தங்கினர். தும்பாவில் அப்போது உணவு விடுதி ஏதும் இல்லாமையால், தம்பானூர் ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் காலையுணவை முடித்துக்கொண்டு, மதியத்திற்குப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவர். இந்தியாவின் விண்வெளிப் பயணம் ரயில்வே இட்டிலியில் தொடங்கிற்று என்று யாம் எம் அலுவலகத்தில் கூறிப் பெருமை கொள்வதுண்டு. நண்பர்கள் நகைப்பர், நகைக்கட்டும்.

1963 நவம்பர் 21-ஆம் நாள். ஏவுவதற்கு நின்றது அமெரிக்கா அளித்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டு. அடுக்கு இரண்டு, எடை சுமார் 700 கிலோ. அதன் தலையில் பிரான்சு நாட்டினர் தந்த சோடியம் கலம். தேவாலயத்தில் இணைத்த ராக்கெட்டை ஏவுமேடைக்குக் கொண்டு வந்து கிரேனால் தூக்கும் வேளையில், கிரேனின் நீரழுத்தக் குழாயில் கசிவு கண்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, பழுது பார்க்க நேரமில்லை. அங்கிருந்தோர் அனைவரும் கைகொடுத்துத் தூக்கி ராக்கெட்டை மேடையில் ஏற்றினர். ராக்கெட்டை இணைக்கும் பொறுப்பும் பாதுகாப்புப் பொறுப்பும் கலாமுடையவை. மாலை 6 மணி 25 நிமிடத்திற்கு ராக்கெட்டு எழுந்தது. சிறிது நேரத்தில், இருண்டு வந்த வானில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேகம் படர்ந்தது. கேரளத்தில் மட்டுமின்றித் தமிழ்நாட்டின் தென்பகுதிகளிலும் மக்கள் தெருவில் நின்று அதனை வியந்து நோக்கினர்.

மாலைப்பொழுதைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. தரையில் கதிரவன் மறைந்த பின்னரும் 200 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் இருக்கும். அவ்வெயில் பட்டுச் சோடியம் ஆவி தனக்குரிய மஞ்சள் ஒளியை வீசும். கீழே இருட்டாயிருப்பதால் அது தெளிவாகத் தெரியும். அம்மேகம் எப்பக்கம் சாய்கின்றது, எவ்வளவு விரைவில் கலைகின்றது என்று நிழற்படம் எடுத்துப் பார்த்தால், அவ்வுயரத்தில் மெலிந்த காற்று வீசும் வேகத்தை அறியலாம்.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்று கூற வேண்டும். தும்பாவின் அம்முதல் ராக்கெட்டைக் கொண்டு நம் சிறுமியின் வினாவிற்கு விடை கூற இயலாது. முதலடுக்கு மூன்றரை நொடியளவிலேயே எரிந்து முடிந்துவிடும். இரண்டாம் அடுக்கும் காற்று மெலிந்த உயரத்தில் சில நொடி எரிந்து அணையும். அதன்பின் ராக்கெட்டு, கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல, பெற்ற வேகத்தாலேயே மேலே சென்று பின் கீழே விழும். முழு வெற்றிடத்தில் எஞ்சின் எரிந்ததற்குச் சான்று வேண்டுமாயின், பூமியைச் சுற்றவைக்கும் ராக்கெட்டையே நோக்க வேண்டும்.

அதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1967 நவம்பர் 20-இல் நம்மவர் தாமே செய்த ரோகிணி-75 என்ற சிறு ராக்கெட்டு தும்பாவிலிருந்து எழுந்தது. 1968 பிப்ரவரி 2-இல் பிரதமர் இந்திரா காந்தி தும்பா நிலையத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். 1971 டிசம்பர் 30-இல் சாராபாய் நம் கோவளத்திலேயே உயிர் நீத்தார். பின்னர் 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள், கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அது வங்கக் கடலில் வீழ்ந்தது.

அத்தோல்வியின் காரணம் நம் பொருளோடு நேரே தொடர்புடையது. காற்றுள்ள இடத்தில் ராக்கெட்டின் வால்தகடுகளை மீன் தன் வாலைத் திருப்புவது போலத் திருப்பித் திசையை மாற்றலாம். காற்று மெலிந்தபின் தகட்டிற்குப் பற்றுக்கோடு இல்லை. அங்கே திசை திருப்புவதற்கும் எதையேனும் எறிந்தே ஆக வேண்டும். எஸ்.எல்.வி.-3-இன் இரண்டாம் அடுக்கில் இதற்கெனப் பக்கங்களில் சிறு எஞ்சின்கள் இருந்தன. அவற்றிற்குரிய நைட்ரிக் அமிலம் பழுதுற்ற ஓர் அடைப்பான் வழியே முன்னரே கசிந்து போயிற்று. எறிவதற்குப் பொருளில்லை, ஆகவே திசையும் இல்லை. குறை களையப்பட்டு, 1980 ஜூலை 18-ஆம் நாள் இரண்டாவது எஸ்.எல்.வி.-3 எழுந்து, 35 கிலோ எடையுள்ள ரோகிணிக் கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. எழுந்தபோது ராக்கெட்டின் எடை 17 டன். சேர்த்த பொருளோ அதில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. எஞ்சியதெல்லாம் பின்னே எறியப்பட்ட வாயுவும் வழியில் கழற்றி விடப்பட்ட வெறுங்கூடுகளுமேயாம். காலியான வேகன்களை நிலையந்தோறும் கழற்றிவிட்டுச் செல்லும் சரக்கு வண்டியை நினைத்துக்கொண்டால் அடுக்கு முறையின் பயன் எளிதில் விளங்கும். நான்காம் அடுக்கு எரிந்தது சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே உதைப்பதற்கு யாதும் இல்லை. உதைக்காமலேயே அது கோளுக்கு நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தைத் தந்தது.

காற்று ராக்கெட்டிற்குத் துணையன்று என்பது மட்டுமன்று, அது இடையூறே. காற்று எதிர்த்து உராய்வது ஒருபுறமிருக்க, வாயு வெளிவரும் புனல் போன்ற பின்வாயின் மீதும் வெளிக்காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவில் எதிர்த்து அழுத்துகின்றது. மேலே செல்லச் செல்ல இவ்வழுத்தம் நீங்குவதால் அதே எஞ்சினின் உந்துதல் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ கூடிவிடுகின்றது. வெற்றிடத்திற்கென்றே செய்யப்படும் எஞ்சின்களின் பின்வாய் மிக அகன்றது. அதனைத் தரையில் வைத்து எரித்தால் வெளிக்காற்று உள்ளே நெருக்கி, வாயு சீராகப் பரவவிடாமல் எஞ்சினையே கெடுத்துவிடக்கூடும். ஆதலால் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், காற்றை அகற்றிய கூடம் ஒன்று அமைத்து அதற்குள் இவ்வெஞ்சின்களைச் சோதிக்கின்றனர். 2025 பிப்ரவரி 7-இல் கூட நம் சி.இ.-20 எஞ்சினை அவ்வாறு வெற்றிட நிலையில் பற்றவைத்துப் பார்த்தனர். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் வண்டியில் மேற்கே தோன்றும் மலையைச் சாளரத்தின் வழியே நோக்குவோர், அதன் அடிவாரத்தில் கொடார்டின் கண்ணாடிக் கவிகை பெருவடிவம் கொண்டு நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

மற்றொரு சான்று. நம் ஊருக்கு வடகிழக்கே வலியமலையிலுள்ள திரவ உந்துமுறை மையம் உருவாக்கிய சிறு எஞ்சின் ஒன்றின் உந்துதல் 440 நியூட்டன். அதாவது, தரையில் 45 கிலோ அரிசி மூட்டையைத் தாங்கும் அளவே. 2013 நவம்பர் 5-இல் புறப்பட்ட மங்கள்யானில் அது பொருத்தப்பட்டிருந்தது. டிசம்பர் 1-ஆம் நாள் பூமியை விட்டு நீங்க உதவியபின் முந்நூறு நாளளவும் உறங்கிற்று. 2014 செப்டம்பர் 22-இல் நான்கு நொடி எரித்துப் பார்த்தனர். செப்டம்பர் 24-ஆம் நாள் காலை, கலத்தின் போக்கிற்கு எதிராக வாயுவை வீசும்படி திருப்பி நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ 23 நிமிடம் எரிந்தது. கலத்தின் வேகம் நொடிக்கு 1,099 மீட்டர் குறைந்தது. செவ்வாய் அதனைப் பற்றிக்கொண்டது. அங்கே பின்னே தள்ளக் காற்றும் இல்லை, முன்னே தடுக்கச் சுவரும் இல்லை.

ஆகவே, அச்சிறுமிக்கு யாம் கூறவேண்டிய விடை இதுதான். 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் சந்திரனில் இறங்கியபோது எதனையும் பற்றித் தள்ளிக்கொண்டு இறங்கவில்லை, அம்மா. தான் சுமந்து சென்ற பொருளை எரித்து வாயுவாக்கிக் கீழ்நோக்கி எறிந்தது. எறிந்த வாயு அதனை மேல்நோக்கித் தள்ளியது. விழும் வேகம் அதனால் தணிந்தது. சென்ற ஆண்டு கரும்பலகையில் யாம் வரைந்த படத்தில், ராக்கெட்டின் கீழே காற்றைக் குறித்து இட்ட கோடுகளை அழித்துவிடுக. மற்றவை சரியே.

தும்பாவிலிருந்து இன்றும் ரோகிணி-200 என்ற சிறு ராக்கெட்டுகள் எழுகின்றன. 2022 நவம்பர் 23-ஆம் நாள் ஏவியது தொடர்ந்து தவறாது வெற்றி பெற்ற இருநூறாவது ராக்கெட்டு. பழைய மகதலேனா தேவாலயம் இப்பொழுது விண்வெளிக் காட்சிச்சாலையாக விளங்குகின்றது. வரும் விடுமுறையில் மாணவர் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லச் சங்கம் எண்ணியுள்ளது. உடன் வர விரும்பும் பெற்றோர் தம் பெயரைச் செயலாளரிடம் முன்னதாகவே கொடுத்து உதவ வேண்டுகிறோம். இம்முறை விளக்கம் கூறுவதற்கு, அங்குப் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நம் காலனிப் பெரியவர் ஒருவர் இசைந்திருக்கின்றார். யாம் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்போம்.